அலமாரியில் கபடிக்கும் ஓர் இடம்



நூலக வார விழா மேடை என்றால் வாசிப்பின் பெருமையைப் பேசுவது வழக்கம். வாசிப்பு நல்லது என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி நினைத்துத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கித் தருவது? புத்தகத் திருவிழாக்களில் கவனித்துப் பாருங்கள். பிள்ளையின் கை கிரிக்கெட் படம் போட்ட புத்தகத்துக்கோ, டைனோசருக்கோ, அட்டையில் ஒருவன் வழுக்கி விழுகிற சிரிப்புக் கதைக்கோ நீளும். பெரியவர் கை அதைத் தட்டிவிட்டு நீதிக்கதைத் தொகுப்பையும், தலைவர்கள் வரலாற்றையும், பொது அறிவு வினா விடையையும் எடுக்கும். "உருப்படியா ஏதாவது எடு" என்பது நம் ஊரில் புத்தகக் கடைக்கென்றே பிறந்த வாக்கியம் போலிருக்கிறது. பிள்ளை கை நீட்டிய அந்த மூன்றும்தான் உருப்படியான புத்தகங்கள் என்பது என் வாதம். நல்ல புத்தகத்துக்குப் பிள்ளையை இழுத்து வருவதற்கான மிட்டாயாக அவற்றை நான் சொல்லவில்லை. வாசிப்பு என்ற வேலையின் கடினமான பகுதியைப் பிள்ளை பழகுவதே அங்கேதான் என்கிறேன்.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். 1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 64 மாணவர்கள், ஏழாம், எட்டாம் வகுப்பினர், நாம் பேசுகிற பிள்ளைகளைவிடச் சற்றுப் பெரியவர்கள். அவர்களில் நன்றாக வாசிப்பவர்களும் உண்டு, வாசிக்கத் திணறுபவர்களும் உண்டு. பேஸ்பால் ஆட்டம் தெரிந்தவர்களும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் உரைநடையை எல்லோரிடமும் கொடுத்தார்கள். முன்னால் மைதானத்தின் சிறிய மாதிரி, அதில் மரப்பொம்மை ஆட்டக்காரர்கள். படித்ததை அந்தப் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். முடிவு என்ன தெரியுமா? ஆட்டம் தெரிந்த 'மக்கு' மாணவர்கள், ஆட்டம் தெரியாத 'கெட்டிக்கார' மாணவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். மக்கு, கெட்டிக்காரர் என்ற பட்டம் ஆய்வாளர்கள் கொடுத்ததல்ல. நாம் வகுப்பறையில் கொடுப்பது. எழுத்தைக் கூட்டிப் படிப்பது வாசிப்பில் பாதிதான். மீதிப் பாதி, படிக்கிற விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே மண்டையில் இருக்கிற அறிவு. அந்த அறிவு நம் பிள்ளைகளுக்கு எதில் நிறைய இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவதுதானே முறை?

கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணியில் ஏழு பேரில் நான்கு பேர் வெளியேறிவிட்டார்கள், மூன்று பேர்தான் எல்லைக்குள் நிற்கிறார்கள், எதிரணியிலிருந்து ரைடர் உள்ளே வருகிறார். இந்த மூவரும் அவரைப் பிடித்துவிட்டால் வழக்கமான ஒரு புள்ளியோடு இன்னொரு புள்ளியும் சேர்ந்து கிடைக்கும். புரோ கபடியைத் தொலைக்காட்சியில் பார்க்கிற நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இதே காட்சியை ஒரு பக்க உரைநடையாக எழுதிக் கொடுத்தால் அதற்குள் எத்தனை இருக்கின்றன பாருங்கள்: 'ஆனால்', 'அதற்குள்', 'பிடித்திருந்தால்' என்று வாக்கியங்களைக் கோக்கும் சொற்கள், காரண காரியம், எண்ணிக்கை, யார் யாரைத் தொட்டார் என்று மாறி மாறி வரும் பெயர்கள். பாடப்புத்தகத்தில் வந்தால் பிள்ளை திணறக்கூடிய அத்தனை சிக்கலும் இதில் உண்டு. ஆனாலும் திணறாது, அடுத்த வரியில் என்ன நடக்கும் என்ற அவசரம் அதைத் தள்ளிக்கொண்டு போகும்.

ஆனால் நம்மிடம் உள்ள விளையாட்டு நூல்களில் பெரும்பாலானவை ஆட்டத்தை விட்டுவிட்டு ஆட்டக்காரரின் வறுமையை மட்டும் எழுதுகின்றன. ஏழ்மையில் பிறந்தார், விடாமுயற்சியால் உயர்ந்தார், நீயும் உயர்வாய் என்று முடிந்துவிடும். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். தாண்டிய உயரம் 1.89 மீட்டர். பிள்ளைக்கு எழுகிற முதல் கேள்வி, ஒரு காலில் ஊனத்தோடு அவ்வளவு உயரத்தை எப்படித் தாண்டினார் என்பதுதான். ஓடி வருகிற வேகம் எங்கே மேல்நோக்கித் திரும்புகிறது, உடல் கம்பியின் மேல் எப்படி வளைகிறது, எந்தக் கால் ஊன்றுகிறது என்று அவரைப் பற்றிய புத்தகம் படம் போட்டுச் சொன்னதா? சொல்லியிருந்தால் வாங்குங்கள். வகுப்பறைச் சுவரில் 1.89 மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பார்க்கச் சொல்கிற புத்தகம் கிடைத்தால் இரண்டு பிரதி வாங்குங்கள். சதுரங்கத்தில் உலகப் பட்டம் வென்ற ஆனந்தும் குகேஷும் சென்னைக்காரர்கள். அவர்கள் வாழ்க்கையைச் சொல்கிற பக்கங்களுக்கு நடுவே, ஒரே ஒரு ஆட்டத்தையாவது கட்டம் போட்டு நகர்த்திக் காட்டுகிறதா என்று புரட்டிப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: விளையாட்டுப் புத்தகத்தைப் பையன்கள் பக்கமும் சமையல், கைவேலைப் புத்தகத்தைப் பெண்பிள்ளைகள் பக்கமும் அடுக்குகிற பழக்கத்தை நூலகங்களாவது கைவிட வேண்டும்.

அறிவியல் நூல்களில் தமிழ் ஏழையில்லை. பெ. தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் போட்ட மொழி இது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் 'துளிர்' என்று சிறுவர்களுக்கு ஓர் அறிவியல் மாத இதழ் நடத்திவருகிறது. ஆயிஷா இரா. நடராசன் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் அறிவியல் பேசவைத்து எழுதிய கதைகளுக்கு 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. இப்படி நல்லவை இருக்கும்போதே, கண்ணைப் பறிக்கும் வண்ண அட்டைக்குள் தப்பும் தவறுமாக அச்சடித்தவையும் அதே மேசையில் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய ஒரு சின்னச் சோதனை உண்டு. கோடைக்காலம் ஏன் வருகிறது என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பூமி சூரியனுக்கு அருகில் போவதால் என்று போட்டிருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள்; பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிக் குளிரில் இருக்கும்போது. பருவம் மாறுவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால். அடுத்து, கோள்கள் பக்கம். 2006-இலேயே குறுங்கோளாகிவிட்ட புளூட்டோவை இன்னும் ஒன்பதாவது கோளாக வைத்திருந்தால், பழைய சரக்கைப் புது அட்டையில் விற்கிறார்கள் என்று பொருள்.

தவறில்லாமல் இருந்தால் மட்டும் போதுமா? 'நீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு' என்று எழுதுகிற புத்தகம் தவறு எதுவும் செய்யவில்லை. பிள்ளையும் அதை வைத்து ஒன்றும் செய்யப்போவதில்லை. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்று, மேலே மிளகுத்தூள் தூவு, விரல் நுனியில் சோப்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீரின் நடுவில் வை என்று இன்னொரு புத்தகம் சொல்கிறது. மிளகுத்தூள் சட்டென்று விளிம்புக்கு ஓடும். ஓடவில்லையென்றால் ஏதோ ஒரு படியைத் தவறவிட்டிருக்கிறோம்; போய் மறுபடி படிக்க வேண்டும். யாரும் அதட்டாமலேயே ஒரு பிள்ளை ஒரு பத்தியைத் திரும்பப் படிக்கிறது என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பத்தி, ஏன் ஓடியது என்ற கேள்வியைப் பிள்ளையிடமே விட்டு, பதிலை இரண்டு பக்கம் தள்ளி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

நகைச்சுவைக்கு வருவோம். நாம் மிகவும் இளக்காரமாக நினைக்கிற வகை இதுதான். தமிழ் உரைநடை தவழ்ந்துகொண்டிருந்த 18-ஆம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர் எழுதிய கதை பரமார்த்த குருவின் கதை. 1822-இல் பாபிங்டன் என்பவர் அதை லண்டனில் அச்சிட்டார். நம் உரைநடையின் முதல் அடிகளில் ஒன்றே சிரிப்பில்தான் விழுந்திருக்கிறது. அதில் ஆற்றைக் கடந்த பிறகு சீடர்கள் தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் எப்போதும் ஓர் ஆள் குறைகிறது. ஆற்றோடு ஒருவன் போய்விட்டான் என்று எல்லோரும் அழுகிறார்கள். இந்த இடத்தில் ஏழு வயதுப் பிள்ளை சிரிக்கிறது என்றால் அதற்குள் என்னென்ன நடந்திருக்கிறது? மொத்தம் எத்தனை பேர் என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது. சீடனின் கணக்கு எங்கே தவறியது என்று கண்டுபிடித்திருக்கிறது. தனக்குத் தெரிந்தது சீடனுக்குத் தெரியாது என்பதை உணர்ந்திருக்கிறது. கதையில் எங்கும் எழுதப்படாத ஒன்றை ஊகித்திருக்கிறது. இவ்வளவையும் சோதிக்கக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டுமானால் ஆசிரியருக்கு அரை நாள் பிடிக்கும். சிரிப்பு அதை அரை நொடியில் காட்டிவிடுகிறது. புரியாத நகைச்சுவைக்கு யாரும் மனப்பாடம் செய்து சிரிக்க முடியாது.

எல்லாச் சிரிப்பும் சமமா என்றால், இல்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். திக்கிப் பேசுபவரை, கறுப்பாக இருப்பவரை, குண்டானவரைக் காட்டிச் சிரிக்கவைக்கிற துணுக்குத் தொகுப்புகள் இன்றும் விற்கின்றன. அவற்றில் மூளைக்கும் வேலையில்லை, மனசுக்கும் நல்லதில்லை. தெனாலிராமனும் பீர்பாலும் அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறார்கள். நீதி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அதற்குமேல் என்ன நீதி வேண்டும்?

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன். இப்படி விளையாட்டும் வேடிக்கையுமாகப் படித்தால் பாடம் என்னாவது, மதிப்பெண் என்னாவது என்பது முதல் கவலை. நியாயமான கவலை. 2022-இல் நடத்தப்பட்ட 'அசர்' என்ற கல்வி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதத்தினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. பாடப்புத்தகம் இல்லாததால் வந்த நிலைமையா இது? பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதுவும் கையில் கிடைக்காத வீடுகள்தான் இங்கே அதிகம். மறுபக்கம், 2000-இல் பல நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் நடத்திய பிசா தேர்வைப் பாருங்கள். விருப்பத்தோடு நிறைய வாசிக்கிற எளிய வீட்டுப் பிள்ளைகள், வாசிப்பில் நாட்டமில்லாத வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிடச் சராசரியில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். நாட்டம் மதிப்பெண்ணைத் தந்ததா, நன்றாக வாசிக்கத் தெரிந்ததால் நாட்டம் வந்ததா என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதுதான் சரியான பதிலாக இருக்கும். ஆனால் அந்த இரண்டில் இன்று மாலையே நாம் தொடங்கிவைக்கக் கூடியது நாட்டத்தை மட்டும்தான்.

எளிமையும் வேடிக்கையும் தரத்தைக் கெடுக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. 1954-இல் அமெரிக்காவில் ஜான் ஹெர்ஸி என்ற எழுத்தாளர், பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் சப்பென்று இருப்பதால்தான் பிள்ளைகள் படிக்க மறுக்கிறார்கள் என்று எழுதினார். அதன் தொடர்ச்சியாக டாக்டர் சூஸ் என்ற எழுத்தாளர் ஒரு சவாலை ஏற்று, 236 வெவ்வேறு சொற்களுக்குள் ஒரு முழுநீளக் குறும்புக் கதையை எழுதி 1957-இல் வெளியிட்டார். தொப்பி போட்ட பூனையின் கதை அது. சொல்லைக் குறைத்தார், சந்தத்தையும் சேட்டையையும் குறைக்கவில்லை. எளிமையாக எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சான்று. படக்கதையிலேயே பிள்ளை தங்கிவிடும் என்ற அச்சத்துக்கும் இதுதான் பதில்: அலமாரியில் அடுத்த படி இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் தங்கும். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். யாரும் மாயாவியோடு நின்றுவிடவில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளையிடமே விட்டுவிடலாமா என்பது மூன்றாவது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகளில் இதற்கு விடை இருக்கிறது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் வேண்டும் என்றார். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குள் வேலைப் பிரிவினை தெளிவாகிவிடுகிறது. அலமாரியில் எவை இருக்கலாம் என்று முடிவுசெய்வது பெரியவர் பொறுப்பு. பிழையான அறிவியலையும் இழிவான சிரிப்பையும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அலமாரியிலிருந்து எதை எடுப்பது என்பது பிள்ளையின் உரிமை. கடினமா, எளிதா என்று பார்க்க அதற்கே ஒரு வழி சொல்லிக்கொடுக்கலாம்: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை யாராவது உனக்குப் படித்துக் காட்டட்டும். பத்துப் பக்கம் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று பாதியில் மூடினால் திட்டாதீர்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம்?

வாசகர் வட்டத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு நூலகத்துக்கு நன்கொடையாக வாங்கித் தரப்போகும் நூல்களின் பட்டியலை இறுதி செய்வதற்கு முன், சிறுவர் பகுதியில் ஒரு நோட்டையும் பென்சிலையும் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் எழுதட்டும். 'கபடி புக்' என்றும் 'பேய் ஜோக்' என்றும் எழுத்துப்பிழையோடு எழுதுவார்கள். பட்டியலில் பாதியை அந்த நோட்டிலிருந்து எடுங்கள். மீதிப் பாதிக்கு உங்கள் நீதிக்கதைகள் இருக்கட்டும், எனக்கு அதில் சண்டையில்லை.