சராசரிக் கணக்கும் நம் கூலிக் கணக்கும்

(சிதம்பரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்க்கார் புள்ளிவிவரம் என்றாலே நமக்குக் கொட்டாவி வருகிறது. ஆனால் எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம், எந்த ஜில்லாவுக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் முடிவாகிறது. ஆகவே அதைப் படித்துப் பார்ப்போம்.

2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர். கன்னியாகுமரியில் 92 பேர். தர்மபுரியில் 69 பேர் கூட இல்லை. நமது கடலூர் ஜில்லாவில் 78 பேர். இரண்டு பேர்தானே குறைவு என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள். நம் ஆண்கள் 86 பேர். ராஜ்யச் சராசரியை விட ஒன்று கூடக் குறையவில்லை. நம் பெண்களோ 70 பேர்தான். ராஜ்யத்தில் 73க்கு மேல். பள்ளம் பெரும்பாலும் பெண்கள் பக்கம் இருக்கிறது. தாய் நடவுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளியை விட்டு நிற்கிறாள். 78 என்ற எண்ணில் இந்தச் சேதி தெரியாது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. ஐரோப்பிய யூனியனில் நாடுகளை ஏறத்தாழ 240 பிரதேசங்களாகப் பிரித்து, தலைக்கு இவ்வளவு உற்பத்தி என்று கணக்குப் போடுகிறார்கள். யூனியன் சராசரியில் நூற்றுக்கு 75க்குக் கீழே உள்ள பிரதேசத்துக்கு உதவிப் பணம் அதிகம். பல்கேரியாவின் வடமேற்குப் பகுதி சராசரியில் பாதியைக் கூடத் தொடவில்லை. லக்ஸம்பர்க் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் அங்கே வேலை செய்வோரில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் வந்து திரும்புகிறவர்கள். உற்பத்தியில் அவர்கள் உழைப்பு சேர்கிறது. வகுக்கும்போது அவர்கள் தலை சேருவதில்லை. பிறகு தலைக்கு வருமானம் ஏன் உயராது?

நம்மிடமும் ஒரு லக்ஸம்பர்க் உண்டு. அதுதான் நெய்வேலி. 1956ல் கம்பெனி ஏற்பட்டது. பழுப்பு நிலக்கரியில் பிறக்கும் மின்சாரம் கேரளம், கர்நாடகம் வரை போகிறது. அந்த உற்பத்தி கடலூர் ஜில்லா வருமானத்தில் ஏறுகிறது. அதனால் காட்டுமன்னார்கோயிலில் களையெடுக்கும் பெண்ணின் கூலி ஓர் அணாவாவது உயர்ந்ததா? காகிதத்தில் மட்டும் அவள் பங்கும் உயர்ந்திருக்கும். வீராணம் தண்ணீரும் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. பட்டணத்து ஜனங்களும் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் வயல் காய்ந்த நாள்களில் இங்கே போன கூலிக்கு எந்தப் புத்தகத்தில் பத்தி இருக்கிறது?

இன்னொரு கணக்கு. 2001ல் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்தவர்கள் 51 லட்சம். 2011ல் 42 லட்சம். அதே பத்து வருஷத்தில் விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமானார்கள். ஏர் பிடித்த கை எங்கே போயிற்று என்று இந்த இரண்டு வரிகளே காட்டிக்கொடுக்கின்றன. சர்க்கார் கணக்கு எப்போதும் பொய் சொல்லும் என்று நாம் நினைக்கவில்லை. சில சமயம் நமக்காகச் சாட்சியும் சொல்லும்.

2021ல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு வரவில்லை. 2027 மார்ச் 1ஆம் தேதியை வைத்து அடுத்த கணக்கு என்று 2025ல் அறிவித்தார்கள். எந்தக் கணக்காளர் வந்து 'என்ன வேலை?' என்று கேட்டாலும், நம் பெண்கள் 'சும்மா வீட்டில்தான்' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் அவர்கள் உழைப்பாளர் பட்டியலிலேயே வரமாட்டார்கள். வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைத்தவர்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. எத்தனை நாள் நடவு, எத்தனை நாள் களையெடுப்பு, எத்தனை நாள் அறுப்பு என்று எண்ணிச் சொன்னால்தான் அந்தக் கட்டம் சரியாக நிரம்பும். தெருவுக்குத் தெரு படித்த பெண் ஒருத்தி, ஒவ்வொரு வீட்டு வேலை நாளையும் இப்போதிருந்தே ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும்.