ஹார்ட் டிஸ்க் போடும் சத்தம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலையிலே கத்துக்கிட்டதைப் பத்திப் பேசு, பத்து நிமிஷம்தான்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். சாதித்ததைச் சொல்ல நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நான் சறுக்கிய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் இருப்பது திண்டிவனத்தில். விழுப்புரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். அவருடைய கம்ப்யூட்டருக்குத் தலைவலி வந்தால் எனக்குத்தான் போன் வரும். 2023-ல் ஒருநாள் ராத்திரி பதறிக்கொண்டு கூப்பிட்டார். "தம்பி, நீங்க சொன்ன மாதிரி முழு டிஸ்க்கையும் இமேஜா பேக்கப் போட்டேன். உள்ள கரகரன்னு அரைக்குது. பயந்துபோய் வயரைப் புடுங்கிட்டேன்" என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். இருப்பது ஒரே டிஸ்க். அதை சி, டி என்று இரண்டாகப் பிரித்து, சி-யைப் படித்து டி-யில் எழுதச் சொல்லியிருந்தார். சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

டிஸ்க்கின் உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. அதாவது வினாடிக்கு 120 சுற்று. அதன்மேல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில், படிக்கும் தலை மிதக்கிறது. ஓயாமல் கேட்கும் ரீங்காரம் மோட்டாருடையது. கரகரவென்பது, தலையைத் தாங்கும் கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் ஓசை. ஒரு தாவலுக்குச் சராசரியாக 8, 10 மில்லிசெகண்ட் ஆகும். போன இடத்தில் வேண்டிய பகுதி சுற்றி வரும்வரை இன்னும் 4 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும்.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு டிஸ்க்கை வரிசையாகப் படித்து வேறொரு டிஸ்க்கில் எழுதுவது, திண்டிவனத்தில் நூறு மூட்டையையும் லாரியில் ஏற்றி, மயிலம், விக்கிரவாண்டி வழியாக ஒரே ஓட்டமாக விழுப்புரத்தில் இறக்குவது போல. அதே டிஸ்க்கில் படித்து அதிலேயே எழுதுவது, பைக்கில் ஒவ்வொரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு நூறு தடவை போய்வருவது போல. வினாடிக்கு நூறு எம்.பி.க்கு மேல் நகரவேண்டியது நொண்டியடிக்கும். நடுவில் வைரஸ் ஸ்கேனும் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் விளக்கிவிட்டு, "சத்தம் வந்தா பயப்படாதீங்கண்ணே. தலை வேலை செய்யுதுன்னு அர்த்தம். முடியற வரைக்கும் விட்டுடுங்க" என்றேன். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைப்பு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களை நிறுத்தினார்கள். அண்ணன் கடைக்குள்ளும் தண்ணீர். ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறார். வயரில் தொங்கிக்கொண்டிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் படியில் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இடம் போதாமல், அந்த வருஷத்துக் கல்யாணப் படங்களை எல்லாம் அதிலேதான் வைத்திருந்தார். வேறு நகல் இல்லை.

கரண்ட் வந்ததும் அதை இமேஜ் எடுக்கப் போட்டார். "டக்... டக்... டக்..." என்று ஒரே தாளத்தில் சத்தம். என் வாக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. விடிய விடிய ஓடவிட்டார். காலையில் பார்த்தால் பதினோரு சதவீதத்திலேயே நிற்கிறது.

அந்தச் சத்தம் வேறு. தான் எங்கே இருக்கிறோம் என்பதற்கான குறிகளைத் தட்டில் காணாமல், தலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மறுபடி மறுபடி முயற்சி செய்யும் ஓசை. அடிபட்ட தலை தட்டின்மேல் உரசினால், உரசிய இடத்தில் இருந்தது போனது போனதுதான். சென்னையில் தூசியில்லாத அறையில் பிரித்துப் பார்த்து, மீட்க முடிந்ததை மீட்டுக் கொடுத்தார்கள். இரண்டு குடும்பத்துக் கல்யாணப் படங்கள் வரவே இல்லை.

"உங்க மேல தப்பில்ல தம்பி, எனக்குத்தான் சரியாப் புரியல" என்றார் அண்ணன். அவருக்குச் சரியாகத்தான் புரிந்திருந்தது. பாதி சொன்னவன் நான்.

அன்று சொல்லாமல் விட்ட மீதியை இன்று உங்களிடம் சொல்கிறேன். சத்தம் தாறுமாறாக வந்து, சதவீதமும் ஏறிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே தாளத்தில் டக் டக்கென்று வந்து, சதவீதம் நின்றுபோனால் உடனே நிறுத்துங்கள். சில சமயம் யூ.எஸ்.பி.யில் மின்சாரம் போதாவிட்டாலும் இப்படி வரும். அப்போதும் முதல் வேலை நிறுத்துவதுதான். டிஸ்க் கெடத் தொடங்கியிருந்தால் அதில் ரிப்பேர் கட்டளைகளை ஓட்டாதீர்கள். டக் சத்தம் இல்லாமல், அங்கங்கே மட்டும் படிக்கத் திணறுகிறது என்றால், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு மோசமானதைக் கடைசிக்கு ஒதுக்கும் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஓடும் டிஸ்க்கைக் கையில் தூக்காதீர்கள். படம் எதுவானாலும் இரண்டு டிஸ்க்கில், முடிந்தால் இரண்டு ஊரில் வையுங்கள். எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களும் அசட்டையாக இருக்கவேண்டாம். அதில் தலை கிடையாது. போகும்போது முனகக்கூடச் செய்யாது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களையும் ஊரில் நாலு பேர் நம்பிக் கேட்பார்கள். பயத்தைப் போக்க ஒரு வார்த்தை சொல்லும்போது, எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்த அண்ணனின் பேக்கப் இப்போது இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது. ஒன்று விழுப்புரத்தில், இன்னொன்று திண்டிவனத்தில், என் வீட்டு அலமாரியில்.