ஒப்போலை கட்டாயமாகலாமா?

(செவிலிமேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துரு)



தேர்தல் வருந்தோறும் ஒரு பேச்சும் உடன் வருகின்றது. படித்தவர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். நகரத்தார் விடுமுறை கிடைத்ததென்று வெளியூர் போய்விடுகின்றனர். ஆதலால் ஒப்போலை இடுவதைச் சட்டத்தாற் கட்டாயமாக்குக, இடாதவரிடம் தண்டம் வாங்குக என்பது அப்பேச்சு. கேட்ட அளவில் நன்றாகவே தோன்றும். உரிமை வேண்டுவோர் கடமையையும் ஏற்க வேண்டுமன்றோ எனவும் வினவுவர். இவ்வினாவைத் தட்டிக் கழித்தல் கூடாது. ஆய்ந்தே விடை கூறல் வேண்டும்.

முதற்கண் சொல்லையே எடுத்துக்கொள்க. 'ஓட்டு' ஆங்கிலச் சொல்லின் திரிபு. 'வாக்கு' வடசொல். தனித்தமிழார் வழங்குவது 'ஒப்போலை'. ஒப்புதலைக் காட்டும் ஓலை ஒப்போலை. ஒருவன் கையைப் பிடித்திழுத்து ஒப்பமிடச் செய்த ஆவணம் எந்த மன்றத்தில் செல்லும்? ஒப்பாமைக்கு இடமில்லாத இடத்தில் ஒப்புதலுக்கும் பொருளில்லை. எனினும் சொல்லாராய்ச்சி ஒன்றே வழக்கைத் தீர்த்துவிடாது. "யாருக்கு இடுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும், சாவடிக்கு வருவதை மட்டுமே கட்டாயமாக்குகின்றோம்" என்று எதிர்வழக்காடுவார் கூறுவர். அது எண்ணிப் பார்க்கத்தக்க மறுமொழியே.

ஆத்திரேலியாவில் நடப்பதும் அதுதான். 1922-இல் அந்நாட்டுத் தேர்தலில் ஒப்போலை இட்டவர் நூற்றுக்கு அறுபதின்மரினும் குறைவு. 1924-இல் கட்டாயச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் தொண்ணூற்றொருவருக்கு மேல் வந்துவிட்டனர். தக்க காரணமின்றி வாராதவர்க்கு 20 தாலர் தண்டம். ஈழத்தினின்று ஏதிலியராய்ச் சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழரும் இச்சட்டத்திற்கு உட்பட்டே ஒப்போலை இடுகின்றனர். அதனால் அவர்க்கு இழிவொன்றும் நேர்ந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்நாட்டரசு தண்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. தேர்தலைக் காரிக்கிழமையில் வைக்கின்றது; முன்னரே வந்து இடவும் அஞ்சலில் இடவும் வழி செய்கின்றது; தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்குச் சாவடியையே கொண்டுசெல்கின்றது. குடிமகன்மேல் கட்டாயத்தைச் சுமத்துமுன் தன்மேல் அது சுமத்திக்கொண்டது மிகுதி.

இந்தியாவில் இதை முயன்று பார்த்தது குசராத்து. ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களில் ஒப்போலையைக் கட்டாயமாக்கும் சட்டவரைவை 2009-இல் அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அன்றைய ஆளுநர் ஒப்பம் அளிக்கவில்லை. பின்வந்த ஆளுநர் 2014-இல் அளித்தார். இடாதவர்க்கு 100 உருபா தண்டம் என்று விதியும் வகுத்தனர். 2015-இல் அம்மாநில உயர் வழக்குமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் இந்தியச் சட்ட ஆணையமும் தன் 255-ஆம் அறிக்கையில் கட்டாயம் வேண்டா என்றே கூறிற்று. 1951-ஆம் ஆண்டு மக்கள் சார்பாண்மைச் சட்டமோ, ஒப்போலை இடுதலை மட்டுமன்றி இடாதிருத்தலையும் தேர்தல் உரிமை என்றே தன் 79-ஆம் பிரிவில் வரையறுத்து வைத்திருக்கின்றது.

100 உருபா என்ன பெரிய தொகை என்பர் சிலர். இவ்வூரில் நின்று அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். காஞ்சிப் பட்டுக்குப் பெயர் தருவது கோர்வை. குழித்தறியில் ஒருவர் அமர்ந்து நெய்ய, உடனாள் ஒருவர் மறுகரையின் நாடாவை எறிந்துகொடுத்தால்தான் கோர்வைப் புடவை வளரும். ஒருவர் எழுந்து போனால் இருவர் கையும் நிற்கும். தேர்தல் நாளில் கூலியோடு விடுமுறை தரவேண்டும் என்று சட்டம் இருக்கின்றது. ஆலையில் பதிவேட்டில் பெயருள்ளவனுக்கு அது பயன்படும். புடவைக் கணக்கில் கூலி பெற்றுத் தன் வீட்டுத் தறியில் நெய்பவனுக்கு எவர் தருவர்? தறியை நம்ப முடியாமல் வேற்றூருக்குப் பிழைக்கச் சென்ற இளைஞனின் பெயரோ இங்குப் பட்டியலில் இருக்கும். அவன் வந்து போகும் பேருந்துக் கட்டணம் அத்தண்டத்தினும் மிகும். மாடிவீட்டான் 100 உருபாவை வீசிவிட்டு உறங்குவான். தண்டம் உறைப்பது தறிக்குழியில் இருப்பவனுக்கே.

இனி, சோம்பலால் வாராதவனையும் முடிவெடுத்து வாராதவனையும் இச்சட்டம் ஒரே கயிற்றால் கட்டுகின்றது. அதுவே இதன் பெருங்குறை. காஞ்சி மாவட்டத்திலேயே சான்று இருக்கின்றது. பரந்தூர் வானூர்தி நிலையத்திற்காக 13 ஊர்களில் 4,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுப்பதென 2022-இல் அறிவிப்பு வந்தது. வயலும் ஏரியும் வீடும் போகும் நிலையிலுள்ள ஏகனாபுரத்தார் அன்று தொட்டு மாலைதோறும் கூடிப் போராடினர். ஊரவை கூடும்போதெல்லாம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். எங்கும் செவிசாயாமை கண்டு, 19.4.2024 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தனர். சாவடி திறந்திருந்தது, அலுவலர் காத்திருந்தனர், வந்தவர் மிகச் சிலரே. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் கூடிப் பொதுவாழ்வுக்கு உழைத்த மக்களைக் கடமை மறந்தவர் என்று எவர் சொல்ல வல்லார்? கட்டாயச் சட்டம் இருந்திருப்பின் தண்டச் சீட்டு முதலில் போயிருக்கும் ஊர் அதுவே!

'எவருமிலர்' என்னும் பொத்தானை அவர்கள் அழுத்தியிருக்கலாமே என்பர். உச்ச வழக்குமன்றம் 27.9.2013 அன்று அளித்த தீர்ப்பால் வந்த வாய்ப்பு அது. நல்லதே. ஆனால் அப்பொத்தானுக்கு எத்தனை பேர் அழுத்தினாலும், நின்றவருள் மிகுதி பெற்றவர் வென்றவரே. மேலும் ஏகனாபுரத்தாரின் வழக்கு வேட்பாளரோடு அன்று. தம்மைக் கேளாமலே தம் மண்ணைப் பற்றி எடுத்த முடிவோடு.

புறக்கணியாமல் உள்ளே புகுந்து போராடிய உழவரும் உண்டு. 1996-இல் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராய் நின்றனர். ஒப்போலை ஒரு சுவடியாகவே அச்சிடப்பட்டது. அவ்வாண்டிலேயே சட்டமன்ற வேட்பாளர்க்குரிய வைப்புத்தொகை 250 உருபாவிலிருந்து 5,000 உருபாவாயிற்று. உள்ளே வந்தால் வாயிலைக் குறுக்குகின்றனர். வெளியே நின்றால் தண்டம் வாங்க நினைக்கின்றனர்.

புறக்கணிப்பு எப்போதும் சரியே என்று கொண்டுவிடுதலும் பிழை. ஈழத்து வரலாற்றில் நெஞ்சைக் கீறும் பக்கம் ஒன்று உண்டு. 17.11.2005 அன்று இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலக்கம் பேர் பட்டியலில் இருந்தும், இட்டவர் நூற்றுக்கு 1.2 பேரே. சிங்களத் தலைவர் எவரும் தமிழர்க்கு ஒன்றும் செய்யார் என்னும் கசப்பு உண்மையானது. ஆனால் புலிகளின் வற்புறுத்தலும், மீறினால் என்னாகுமோ என்னும் அச்சமும் உடனிருந்தன என்பதை மறைத்தல் தகாது. மகிந்த இராசபக்ச, இரணில் விக்கிரமசிங்கவை வென்றது 1,80,000-க்குச் சற்று மேற்பட்ட ஒப்போலைகளால். அவர் ஆட்சியில்தான் 2009 முள்ளிவாய்க்கால் நிகழ்ந்தது. தமிழர் இட்டிருந்தால் வரலாறு மாறியிருக்குமா என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயின், இடுவதா விடுவதா என்று தானே எண்ணித் துணியும் வாய்ப்பு யாழ்ப்பாணத்து எளிய தமிழனுக்கு அன்று இல்லாமற் போனது. இடாதே என்னும் கட்டாயமும் இடு என்னும் கட்டாயமும் அவனிடமிருந்து பறிப்பது ஒன்றையே.

கட்டாயமே ஆகாது என்பதன்று இதன் கருத்து. பாலாற்றுக்குத் தெற்கே உத்தரமேரூர் இருக்கின்றது. அங்குள்ள முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவற்றை, மேடைதோறும் மக்களாட்சியின் தொட்டில் என்று புகழ்கின்றனர். அது பிராமணர் ஊரின் அவை. நிலமும் மறைக்கல்வியும் உடையவர் பெயரே ஓலையில் ஏறும். உழவனுக்கும் நெசவனுக்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் இடமில்லை. குடத்துள் ஓலைகளை இட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்ததும் திருவுளச் சீட்டேயன்றித் தேர்தல் அன்று. இவ்வளவும் கழித்த பின்னும் ஒன்று எஞ்சுகின்றது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது; அவன் உறவினர் பெயரையும் இடலாகாது. கட்டாயத்தை அவர்கள் பதவியாளன் தோளில் ஏற்றினர்.

இன்றோ பதவியாளர்க்கு என்ன கட்டாயம்? ஐந்தாண்டு முடியுமுன் உள்ளாட்சித் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். தமிழகத்தில் 2016 அற்றோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. காஞ்சி மாவட்ட ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2021 அற்றோபரில். செவிலிமேடு 2011 வரை தனிப் பேரூராட்சியாய் இருந்து, பின் காஞ்சி நகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர். அந்நகரம் 2021-இல் மாநகராட்சியாயிற்று. இங்கு மக்கள் ஒப்போலை இட்டது 19.2.2022 அன்று. அதுவரை ஐந்தாண்டுக்கு மேல் குடிநீருக்கும் சாய்க்கடைக்கும் முறையிடத் தெருவுக்கொரு பேராளர் இல்லை. தனி அலுவலரே ஆண்டார். 2025 சனவரியில் 27 மாவட்ட ஊராட்சிகளின் காலம் முடிந்தபோதும் தனி அலுவலரையே அமர்த்தினர். ஒருநாள் சாவடிக்கு வாராத நெசவனுக்குத் தண்டம் என்றால், ஐந்தாண்டு சாவடியையே திறவாதவர்க்கு என்ன தண்டம்? இரு கழகங்களின் ஆட்சியிலும் இதை எவரும் கேட்டிலர்.

ஊராட்சித் தேர்தலை நாள் தவறாது நடத்தாத அமைச்சரவைக்கும், ஆண்டுதோறும் தம் தொகுதியில் கணக்குக் காட்டாத உறுப்பினர்க்கும் தண்டம் விதிக்கும் சட்டவரைவை உங்கள் கட்சி கொண்டுவருமா என்று, அடுத்து ஒப்போலை கேட்டுத் தெருவில் வருபவரிடம் செவிலிமேட்டார் கேட்கலாம். விடை எழுத்தில் வேண்டும் எனவும் கேட்கலாம்.