மாரிகாலத்தில் தேனீக்களுக்குச் சீனிப்பாணி



மருதமுனை என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவது கைத்தறி. தறிச்சத்தம் கேட்கும் அவ்வூர் வளவுகளிலே, தென்னை நிழலில் ஒரு தேன்பெட்டி வைக்க எண்ணுவோரை மனத்திற்கொண்டே இன்று பேச விழைகின்றேன். திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கி நிற்பது; ஆதலின் தேனின் சிறப்பை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தேனீ பசித்திருக்கும் நாட்களைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது.

கீழைக் கரையில் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை பொழியும். பூவிருந்தாலும் தேனீயாற் பறக்க முடியாது. பறந்தாலும் மலரில் உள்ள மதுவை மழை கழுவிவிடுகிறது. மேல்நாட்டுத் தேனீ பட்டினி கிடந்து பெட்டிக்குள்ளேயே மடியும். நம் நாட்டுத் தேனீயோ அவ்வாறு காத்திருப்பதில்லை. ஒருநாட் காலையிற் சென்று பார்த்தால் வெறும் வதைகள் மட்டுமே தொங்கும். குடி முழுவதும் காட்டை நோக்கிப் போயிருக்கும். பெட்டியின் பின்புறத்தைக் கையால் இலேசாகத் தூக்கிப் பாருங்கள். பாரமின்றி எழுந்தால், வதையின் மேலோரத்தில் மூடிய தேன் இல்லையென்று கொள்ளலாம். அப்பொழுதே சீனிப்பாணி கொடுத்தாக வேண்டும்.

அதனை எதில் வைத்துக் கொடுப்பது? ஆங்கில நூல்களிற் கண்ட படங்களை நம்பிப் பெரிய கலங்களை நாடுவோர் உளர். அவை மேல்நாட்டுத் தேனீக்கென அமைந்தவை. அதன் பெருங்குடி ஓரிரவிற் குடித்துத் தீர்க்கும் பாணியை நம் சிறுகுடி பல நாள் வைத்திருக்கும். நம் வெப்பத்திலோ அஃது இரண்டு மூன்று நாளிற் புளித்துப்போம். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை நாட்டுப்புற மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தபொழுது, இச்சிறு தேனீக்கென்றே சிறிய பெட்டியை அமைத்தார். பெட்டி சிறிதாயின் கலமும் சிறிதாகவே இருத்தல் வேண்டும்.

வாயிலில் வைக்கும் கலத்தை நான் விரும்புவதில்லை. பெட்டியைத் திறவாமலே நிரப்பலாம் என்பது உண்மையே. ஆனால் பாணியின் மணம் அயற்பெட்டித் தேனீக்களை அழைத்துவிடும். கொள்ளை தொடங்கினால் நலிந்த குடி தப்பாது. வெளியே தட்டில் ஊற்றிப் பொதுவாக ஊட்டுவது அதனினும் தீது. 1991, 1992ஆம் ஆண்டுகளிலே தாய்லாந்துச் சாக்குப்புழு நோய் தென்னிந்தியத் தேன்பெட்டிகளைப் பெரும்பாலும் வெறுமையாக்கியது. தொற்றுநோய்க் காலத்தில் எல்லாக் குடிகளையும் ஒரே பந்தியில் இருத்துவது அறிவுடைமையன்று. சிரட்டை எளியது, செலவற்றது. ஆயினும் வைக்கோற் துண்டுகளை மிதக்க விடாவிடின் தேனீக்கள் மூழ்கி இறக்கும்.

நான் பரிந்துரைப்பது கவிழ்த்த போத்தல். அகன்ற வாயுள்ள சிறு ஜாம் போத்தலின் மூடியில், மெல்லிய ஆணியால் ஏழெட்டுத் துளைகள் இடுக. மூடி இல்லையேல் பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் கட்டலாம். இழை நெருக்கமான துணியே பாணியைத் தாங்கும். எது நெருக்கம் என்பதை மருதமுனையார்க்கு நான் சொல்லத் தேவையில்லை. போத்தலை விளிம்புவரை நிரப்புதல் முக்கியம். பாதி நிரப்பினால் நண்பகல் வெப்பத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, பாணியை வெளியே தள்ளி வதைகளை நனைத்துவிடும். முதலில் ஒரு வாளியின் மேற் கவிழ்த்துப் பாருங்கள். சில துளி விழுந்து நின்றுவிட்டால் சரி. பின்னர் சட்டங்களின்மேல் இரு குச்சிகளை வைத்து, அவற்றின்மீது போத்தலைக் கவிழ்த்து, வெறும் மேலறையாற் சூழ்ந்து மூடிவிடுங்கள். தேனீ மழையில் நனையாமலும், அயற்குடி அறியாமலும் உண்ணும்.

பாணிக்கு வெள்ளைச் சீனியே ஏற்றது. கருப்பட்டியும் வெல்லமும் தேனீக்கு வயிற்றுப்போக்கைத் தரும். கொதித்த நீரை அடுப்பினின்றும் இறக்கிய பின்னரே சீனியைக் கரைக்க வேண்டும். 200 கிராம் சீனிக்கு 200 மில்லிலீற்றர் நீர். ஒரு குடிக்கு ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு இது போதும். நன்கு ஆறிய பின், பொழுதுபட்டதும், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் வையுங்கள். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தத் தவறினால் எறும்புக்கே விருந்தாகும்.

இன்னும் ஒன்று. பாணி கொடுக்குங்கால் தேன் சேரும் மேலறைச் சட்டங்களை எடுத்துவிடல் வேண்டும். தேனீ வதையிற் சேமித்தாலும் சீனிப்பாணி தேனாகிவிடாது. அதைத் தேனென்று விற்றால், நோயாளிக்கு மருந்தாக வாங்கிச் செல்லும் அயல்வீட்டாரையே நாம் ஏமாற்றுகின்றோம். வேம்பு பூத்து, தேனீக்கள் மகரந்தத்தோடு விரைந்து வரத் தொடங்கினால் ஊட்டுவதை நிறுத்திவிடலாம். போத்தலையும் துணியையும் வெந்நீரிற் கழுவி, வெயிலிற் காயவைத்து, அடுத்த மாரிக்கென எடுத்து வையுங்கள்.