தொண்டு செய்வார் பெறும் பேறு



தேனி மாவட்டத்தில், பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பாறையொன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்தில் பொறித்த பெயர்களுள் ஒன்று அச்சணந்தி. 9ஆம் நூற்றாண்டினராக அறிஞர் கருதும் இம்முனிவரின் பெயர் ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை ஆகிய இடங்களிலும் காணப்படுகிறது. பல இடங்களில் 'அச்சணந்தி செயல்' என்பதற்கு மேல் கல்வெட்டு எதுவும் கூறுவதில்லை. புகழுரை இல்லை; பெற்ற பயனைப் பற்றிய பேச்சும் இல்லை.

அவ்வாறாயின், தொண்டு செய்பவருக்குக் கிடைப்பது யாது? இக்கால இளைஞர் இவ்வாறு கேட்பது தவறன்று. சமண அறநூல்கள் இதற்கு விடை கூறியுள்ளன. நன்மையின் பொருட்டுத் தன்னுடையதை வழங்குவதே தானம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அந்நன்மை பெறுபவருக்கு மட்டுமன்றிக் கொடுப்பவருக்கும் உரியது என்று பூஜ்யபாதர் உரை விளக்குகிறது. உண்ணாநோன்பைப் புறத்தவத்தில் சேர்த்த ஆன்றோர், நோயுற்ற துறவியர்க்குப் பணிவிடை செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர். பணிவிடை பிறருடைய உடலுக்கு. அதன் பயனோ செய்பவருடைய உள்ளத்துக்கு. அதனாலன்றோ அது அகத்தவம் ஆயிற்று!

இதற்குச் சான்று அதே பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 58. இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பயின்று, தம் வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். மதுரைக்கு வெளியே அம்மருத்துவமனை முதலில் கிளை கண்ட ஊர் தேனியே.

அம்மருத்துவமனையின் இலவச முகாம்கள் மருத்துவரால் மட்டும் நடப்பவை அல்ல. பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ கேட்டுப் பெறுவதும், சிற்றூர்தோறும் செய்தி சொல்வதும், வந்தவர்களின் பெயர் எழுதுவதும், முதியோரை வரிசையில் அமர்த்திக் குடிநீர் தருவதும் உள்ளூர்த் தொண்டர்களின் பணி. கண்புரை கண்டவர்கள் பேருந்தில் ஏற்றி அழைத்துச் செல்லப்பட்டு, அறுவை முடிந்தபின் ஊர் திரும்புகின்றனர். ஔடத தானத்தில் மருந்தை மருத்துவர் தருகிறார். கையையும் காலையும் தொண்டர் தருகிறார்.

அத்தொண்டர் பெறும் பேறுகள் மூன்று. முதலாவது, சினமும் செருக்கும் தேய்தல். காது கேளாத முதியவரிடம் ஒரே செய்தியை நான்கு முறை சொல்பவருக்குப் பொறுமை தானே கைவருகிறது. பெரும்பதவி வகித்தவரும் அங்கே நாற்காலி சுமக்கிறார். மானம் என்னும் கசாயம் சொற்பொழிவால் குறைவதைவிட இதனால் விரைந்து குறையும். இரண்டாவது, முதுமையைப் பற்றிய அச்சம் நீங்குதல். பிறருடைய தளர்ச்சிக்குத் தோள் கொடுத்தவர், தம் தளர்ச்சி வரும்போது கலங்குவதில்லை. மூன்றாவது, உறவு. பிள்ளைகள் அயலூரில் வாழ, வெறிச்சோடிய வீட்டில் இருக்கும் பெற்றோர் இன்று பலர். கட்டு அவிழ்த்த கண்ணால் ஒரு மூதாட்டி முதலில் தேடும் முகம், தம் கைபிடித்துப் பேருந்தில் ஏற்றியவருடையதாக இருக்குமானால், அவர் இனி எவ்வாறு தனியர் ஆவார்?

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. பயனை முன்னரே பேரம் பேசிக்கொண்டு அறம் செய்வதை நிதானம் என்பர். பொறுமையைக் குறிக்கும் வழக்குச்சொல் அன்று இது. ஆசை வைத்தலைக் குறிக்கும் சமயச்சொல். மாயை, மித்தை ஆகியவற்றோடு சேர்த்து இதனை உள்ளத்தில் தைத்த முள் என்றனர் முன்னோர். மேடைக்கும் மாலைக்கும் நிழற்படத்துக்கும் தொண்டு செய்பவர், அவற்றை மட்டுமே பெற்று வீடு திரும்புகிறார். மேற்கூறிய மூன்று பேறுகளும் தேடாதவரையே வந்து சேர்கின்றன.

விழாவுக்கு நன்கொடை அளிக்கும் குடும்பங்கள் பல. அவை போற்றத்தக்கவை. ஆயினும் பணத்தைப் பிறர் கையில் கொடுத்தனுப்பலாம். அகத்தவத்தை அவ்வாறு அனுப்ப இயலாது. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் வீட்டில் பெரியவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாகச் சேர்ந்து அருகிலுள்ள மருத்துவ முகாமுக்குச் செல்வார்களானால், அடுத்த தலைமுறைக்கு அறம் வாய்ச்சொல்லாக அன்றி வழக்கமாகக் கைமாறும்.

உத்தமபாளையத்துப் பாறை ஓராயிரம் ஆண்டு கடந்தும் பேசுவது ஒரு சொல்லையே: செயல். அதுவே சிராவகர் இல்லந்தோறும் வாழ்க! அறம் வளர்க!