பழங்கருவிக்குக் காலம் கணிக்கும் கலை

கைக்குக் கிடைத்த பழைய கோடாரியோ ரம்பமோ எந்தக் காலத்தில் செய்தது என்று சொல்வது தேர்ந்த ஒரு கலை. அமெரிக்காவில் பழங்கருவி சேகரிப்பவர்களிடம் அது நன்றாக வளர்ந்திருக்கிறது. அவர்கள் துருவை நம்புவதில்லை. சில மழைக்காலம் வெளியே கிடந்த இரும்பும் நூறு வயது காட்டும். காம்பையும் நம்புவதில்லை, அது எத்தனை முறை மாறியதோ! அவர்கள் தேடுவது செய்த நிறுவனத்தின் முத்திரையை.

ஹென்றி டிஸ்டன் 1840இல் பிலடெல்பியாவில் ரம்பத் தொழில் தொடங்கினார். 1865இல் மகன் ஹாமில்டன் பங்காளியானதும் முத்திரையில் ‘டிஸ்டன் அண்ட் சன்’ என்று வந்தது. 1871இல் அது ‘சன்ஸ்’ ஆனது. ஆகவே கைப்பிடியின் பித்தளை வில்லையில் ஒரே மகன் இருந்தால், அந்த ரம்பம் இந்த ஆறு ஆண்டுகளை ஒட்டியது.

கோடாரியில் கணக்கு இன்னும் நுட்பம். 1874இல் லூயிவில்லில் தொடங்கிய கெல்லி நிறுவனம், 1904இல் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனுக்கு இடம் மாறியது. 1930இல் ‘அமெரிக்கன் ஃபோர்க் அண்ட் ஹோ’ அதை வாங்கியது. பேர்பெற்ற ‘கெல்லி’யை வாங்கியவர்கள் கைவிடவில்லை. அதனால் அந்தப் பெயர் மட்டும் காலத்தைச் சொல்லாது. ‘கெல்லி ஆக்ஸ் மேனுஃபாக்சரிங் கம்பெனி’ என்றால் பொதுவாக விற்பனைக்கு முந்தையது. ‘கெல்லி ஒர்க்ஸ்’ என்றால் பிந்தையது.

காப்புரிமைத் தேதியிலும் எச்சரிக்கை வேண்டும். ஸ்டான்லி இழைப்புளியில் 1910 என்று இருந்தால், அது செய்த ஆண்டு அல்ல. அதற்கு முன் செய்ததில்லை என்பதே பொருள். அதே இழைப்புளியின் தகட்டில் இதய வடிவ முத்திரை இருந்தால், 1920இல் இரண்டு ஸ்டான்லி நிறுவனங்கள் ஒன்றானதற்குப் பிந்தைய தகடு அது. தகடு பின்னால் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரு சான்றை இன்னொன்றோடு ஒத்துப்பார்த்து, ‘இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுக்குள்’ என்று நிறுத்திக்கொள்வதுதான் இந்தக் கலையின் நேர்மை. ஒற்றை ஆண்டை அடித்துச் சொல்பவரைவிட, இப்படிச் சொல்பவரையே நான் மதிக்கிறேன்.

உங்களிடம் பழைய கருவி இருந்தால், பளபளப்புக்காகச் சாணைச் சக்கரத்தில் தேய்த்துவிடாதீர்கள். முத்திரை போனால் வரலாறும் போயிற்று. முத்திரையில் முதலாளியின் பெயர்தான் இருக்கிறது. உலையில் வெந்து அடித்தவரின் பெயர் இல்லை. பட்டறையும் காலமும் தெரிந்தால்தான், அந்தப் பெயரற்ற கைத்திறனுக்கு உரிய மதிப்பை நம்மால் தர முடியும்.