விடுமுறையும் நெசவாளி வீட்டுப் பிள்ளையும்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பள்ளிக்கூடம் மூடியாய்விட்டது. பணக்காரன் வீட்டுப் பிள்ளை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போகும். நம் வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? தறிக்குத்தான் போகும்.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. ஒரு பக்கத்துக் கரையை நெய்ய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலமாய்ப் பிள்ளையின் கையாகவே இருந்து வந்தது. வாங்கிய முன்பணத்துக்கு அந்தச் சின்னக் கையும் ஈடாகப் போனதுண்டு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தன. சந்தோஷந்தான். ஆனால் 2016-ல் செய்த திருத்தத்தில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவலாமென்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். எது ஆபத்து, எது ஆபத்தல்லவென்று திண்ணை தாண்டி உள்ளே வந்து யார் பார்ப்பது?

இது புது யோசனையுமல்ல. 1953-ல் ராஜாஜி அவர்கள் கிராமப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு போதும், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் அது ஒழிந்தது. தொழில் கேவலமென்பதல்ல நமது வாதம். நெசவாளியின் பிள்ளை நெசவாளியாகவேதான் இருக்க வேண்டுமென்று, அது பிறக்கு முன்பே எழுதி வைத்தவன் யார் என்றுதான் கேட்கின்றோம்.

நிற்க. அப்படியானால் விடுமுறையில் பிள்ளையை எங்கே அனுப்புவது? வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அனுப்புங்கள்! சுயமரியாதைக்காரன் கோயிலுக்குப் போகச் சொல்லுகிறானே என்று சிரிக்க வேண்டாம். கும்பிடச் சொல்லவில்லை, சுவரைப் பார்க்கச் சொல்லுகின்றோம். பல்லவர் சரித்திரம் அங்கே கல்லில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் அரசன் வாரிசில்லாமல் இறந்துபோக, காஞ்சியிலிருந்து ஆட்கள் இரணியவர்மனிடம் போய், ஆள ஒருவரைத் தர வேண்டுமென்று கேட்டார்கள். அவன் மக்களில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் புறப்பட்டு வந்தான். அவனே நந்திவர்மன். ஆண்டவன் அனுப்பவில்லை, மனிதர் போய் அழைத்து வந்தார்கள்! அதே சுவர் அந்த வம்சத்தைக் கடவுளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் பிள்ளை பார்க்கட்டும். எது கதை, எது நடந்தது என்று பிரித்தறிய இதைவிட நல்ல பாடப்புத்தகம் நாம் கண்டதில்லை.

பிறகு 1925-ம் வருஷத்தைச் சொல்லுங்கள். அந்த நவம்பரில் இதே ஊரில் திரு.வி.க. தலைமையில் காங்கிரஸ் மாகாண மாநாடு கூடிற்று. ஈ.வெ.ரா. கொண்டு வந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அனுமதியில்லை என்றார்கள். அவர் வெளியேறினார். அத்தோடு முடிந்ததென்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் காலேஜ் இடங்களை வகுப்புவாரியாய்ப் பங்கிட்ட சென்னை அரசாங்க உத்தரவு கோர்ட்டில் செல்லாமற் போய், இங்கே கிளர்ச்சி எழுந்ததன்மேல், 1951-ல் இந்திய அரசியல் சட்டத்துக்குச் செய்த முதல் திருத்தத்திலேயே பின்தங்கிய வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யலாமென்று சேர்க்க வேண்டி வந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது காலேஜில் இடம் கிடைத்திருந்தால், அது எந்தச் சாமி கொடுத்த வரமென்று பிள்ளை கேட்கும்போது இதைச் சொல்லுங்கள்.

அண்ணாதுரை பிறந்த வீடும் இவ்வூரில் நினைவு இல்லமாய் இருக்கிறது. 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், 1967-ல் முதல் மந்திரியானார். புரோகிதரில்லாத சுயமரியாதைக் கலியாணம் செல்லுமென்று அந்த வருஷமே சட்டம் செய்தார். அந்த வீட்டிலும் அப்பன் தொழிலே போதுமென்று சொல்லியிருந்தால்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெருமாள் கோயில் வாசலில் நாம் காத்திருப்போம். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். அடுப்படிக்கு ஆள் வேண்டுமென்ற சமாதானம் வேண்டாம். சாமி கும்பிட வருகிறவர்களும் கூட வந்து சுவரைப் பார்க்கலாம், ஆட்சேபணையில்லை. அன்றைக்குக் கரை நாடாவைப் பெரியவர்கள் யாராவது போடட்டும்.